எழுத்தின் சாட்சிகள் – 9: நாகமுராவின் தையல் மிஷின்

1946 மே மாதம் ஹிரோஷிமாவில் போய் இறங்கியபோது ஜான் ஹெர்ஸிக்கு வயது 31. அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘எ பெல் ஃபார் அடானோ’ நாவலுக்குப் புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார். சீனாவில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர், ‘டைம்’ இதழுக்காகப் போர்முனைகளில் அலைந்தவர் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம்.

குண்டு விழுந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. காளான் மேகத்தையும் தரைமட்டமான கட்டடங்களையும் அமெரிக்கர்கள் படங்களில் பார்த்துப் பழகியிருந்தார்கள். மனிதர்களைத்தான் பார்க்கவில்லை. கப்பலில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஹெர்ஸியின் கைக்குத் தார்ன்டன் வைல்டரின் ஒரு நாவல் கிடைத்தது. பாலம் அறுந்து விழுந்து இறந்த ஐந்து பேர், அந்தப் பாலத்துக்கு எந்தெந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லும் கதை அது. அந்த அமைப்பை அவர் எடுத்துக்கொண்டார். பலரைச் சந்தித்து, கடைசியில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்: அலுவலக எழுத்தர் ஒருத்தி, இரண்டு டாக்டர்கள், ஒரு ஜெர்மானியப் பாதிரியார், ஒரு மெதடிஸ்ட் போதகர், தையற்காரரின் விதவையான ஹட்ஸுயோ நாகமுரா.

நாகமுராவின் கணவர் 1942இல், சிங்கப்பூர் வீழ்ந்த அன்று அங்கே போரில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சங்கோகு தையல் மிஷின்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15க்கு நாகமுரா சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தார். தீ பரவாதிருக்க வெற்றிடம் விட வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே இடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் எல்லாம் வெள்ளை வெளிச்சம். இடிபாடுகளுக்குள்ளிருந்து மூன்று பிள்ளைகளையும் தோண்டி எடுத்தார். ஊர் எரியத் தொடங்கியது. ஓட வேண்டும், ஆனால் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வீட்டு வாசலில் இருந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குள் அதை இறக்கிவிட்டுப் போனார். பின்னர் மீட்டபோது துருவேறிக் கிடந்தது.

அணுகுண்டைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த நெருப்பு வேளையில் ஒரு தாய்க்கு நாளைய பிழைப்பைப் பற்றிய நினைப்பும் வந்தது என்பதைக் கேட்டு எழுதியவர் ஹெர்ஸி. கேட்கத் தெரிந்ததே பாதித் திறமை. மீதிப் பாதி, கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் இருந்தது. கட்டுரையில் ‘நான்’ கிடையாது, கண்டனம் கிடையாது. குரல் உயர்ந்தால் வாசகர் எழுத்தாளரைத்தான் பார்ப்பார், அந்த ஆறு பேரைப் பார்க்கமாட்டார் என்று உணர்ந்து, வேண்டுமென்றே தட்டையான நடையில் எழுதினார். அந்த அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

‘நியூயார்க்கர்’ நான்கு பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டிருந்தது. ஆசிரியர் குழுவிலிருந்த வில்லியம் ஷான், பிரித்தால் உயிர் போய்விடும் என்று வாதாடினார். 1946 ஆகஸ்ட் 31 இதழ் முழுவதும் அந்த ஒரே கட்டுரைக்கு ஒதுக்கப்பட்டது. ஏபிசி வானொலி நான்கு இரவுகள் அதை வாசித்தது. ஜப்பானிய மொழியில் நூலாக வர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே ஆட்சி அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, 1985இல், அந்த ஆறு பேரும் என்ன ஆனார்கள் என்று ஹெர்ஸி மீண்டும் எழுதினார். எத்தனை செய்தியாளர்கள் இப்படித் திரும்பிப் போகிறார்கள்? நாகமுரா அந்த மிஷினைப் பழுது பார்த்துத் தைத்துப் பிழைத்திருக்கிறார். பிறகு உடம்பு படுத்த, டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அதை விற்றுவிட்டார். குண்டுக்குப் பிந்தைய வாழ்வில் தான் மிகவும் நொந்துபோனது அப்போதுதான் என்றே அவர் எண்ணினார். ரொட்டி விநியோகித்தார், மத்தி மீன் விற்றார், பாச்சை உருண்டை செய்யும் கம்பெனியில் 13 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

நாவலாசிரியர் கற்பனை செய்யலாம், செய்தியாளர் ஒரு துளியும் செய்யக்கூடாது என்பதில் ஹெர்ஸி கடைசிவரை கறாராக இருந்தார். நாவலின் உத்திகளைச் செய்திக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் நடக்காததையும் சேர்த்தபோது, 1980இல் ஒரு கட்டுரை எழுதிக் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதே சரி என்பது என் கட்சி. நாகமுராவின் தொட்டி கற்பனை என்று தெரிந்தால் மொத்த நூலும் சரிந்துவிடும்.

அப்படிப்பட்டவர், வார்சா யூதர்களின் அழிவை மட்டும் ஏன் ‘தி வால்’ என்ற நாவலாக எழுதினார்? அதற்குள் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)