பொதுவானதும் வேறுபடுவதும்

ஒரு தாய் பிள்ளைகள் முகச்சாயலில் ஒத்திருந்தாலும் குணத்தில் வேறுபடுவார்கள். மென்பொருள்களிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. ஒரே நிறுவனம் தயாரிக்கும் பலவகைக் கையடக்கத் தொலைபேசிகளை எடுத்துக்கொள்வோம். அழைப்பு எடுக்கும் வசதி எல்லாவற்றிலும் இருக்கும்; கைரேகையால் திறக்கும் வசதி சிலவற்றில் மட்டுமே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மென்பொருள் எழுதினால் காலமும் பணமும் விரயமாகும். ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் அப்படியே கிடக்கும்.

இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டேவிட் பார்னாஸ். நிரல் குடும்பங்களைப் பற்றி 1976இல் எழுதிய அவர், முதலில் பொதுவான பண்புகளையும் பின்னர் தனித்தனி வேறுபாடுகளையும் ஆராய வேண்டும் என்றார். 1990இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கியோ காங் குழுவினர், இதனை மரம்போன்ற வரைபடமாக வரையும் முறையை வெளியிட்டனர்.

ஒரு காரை இம்முறையில் வரைவோம். எஞ்சின் கட்டாயமானது. குளிரூட்டி, விரும்பினால் சேர்ப்பது. கியர் கையால் மாற்றுவதா, தானாக மாறுவதா என்பதில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். குளிரூட்டியைச் சேர்த்தால் எஞ்சினுக்குப் போதிய வலு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வரைபடத்திலேயே குறிக்கலாம்.

பார்வைக்கு இது எளிய வேலைதான். ஆனால் வேறுபட வேண்டிய ஒன்றைப் பொதுவானது என எண்ணிவிட்டால் விளைவு பாரதூரமாகலாம்.

1996 ஜூன் 4ஆம் திகதி, பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. அதன் திசையறியும் கருவியில் ஏரியான் 4இன் மென்பொருளே பயன்படுத்தப்பட்டது. புறப்பட்ட பின்னரும் சுமார் 40 செக்கன்கள் இயங்கும் ஒரு செயற்பாடு அதில் இருந்தது. அது ஏரியான் 4இன் தேவை. ஏரியான் 5க்குத் தேவையில்லை. புதிய ரொக்கெட்டின் கிடைத்திசை வேகமும் மிக அதிகம். அவ்வேகத்தோடு தொடர்பான ஓர் எண்ணை 16 பிட் எண்ணாக மாற்றும்போது, அதில் அடங்கக்கூடிய 32,767 என்ற எல்லை மீறப்பட்டது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் இரண்டும் செயலிழந்தன. ரொக்கெட் திசைமாறி வானிலேயே சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு செய்மதிகளும் அழிந்தன.

பழைய மென்பொருள் தன் ரொக்கெட்டில் சரியாகவே இயங்கியது. புதிய ரொக்கெட்டுக்கும் அது பொருந்துமா என்பதைத்தான் எவரும் போதியளவு சோதிக்கவில்லை.

நாம் செய்யும் செயற்றிட்டங்களுக்கும் இது பொருந்தும். நூலகத்துக்கு எழுதிய நிரலை ஒரு கடைக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பொருளைப் பதிவதும் தேடுவதும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால் நூல் திரும்பி வரும். விற்ற அரிசி திரும்பி வராது. எனவே நிரலைப் பிரதிசெய்யுமுன் ஒரு தாளில் இரண்டு பட்டியல்கள் எழுதுவோம்: எவை பொதுவானவை, எவை வேறுபடுபவை? குடும்பத்தில் புதிதாக ஒன்று சேரும்போதெல்லாம் முதலாவது பட்டியலை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்போம்.