மொட்டைமாடிக்குப் போகக் கூடாத மெத்தை

என் அம்மா பிறந்தது போடிநாயக்கனூரில். இலவம் பஞ்சு வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். மாதம் ஒருமுறை மெத்தையை மொட்டைமாடியில் போட்டு, இரண்டு பக்கமும் பிரம்பால் அடித்து, சூடு ஆறியதும் கீழே கொண்டுவருவது அம்மாவின் வழக்கம். கட்டிதட்டிப் போன பஞ்சு வெயிலில் ஈரம் போய் உப்பிவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து, அடித்து, மறுபடி தைத்தால் போதும். அதே பஞ்சு அடுத்த தலைமுறைக்கும் வரும்.

சென்னையில் நாங்கள் மெமரி ஃபோம் மெத்தை வாங்கிய வருடம், சித்திரையில் அம்மா வந்திருந்தார். "ஈரம் போகட்டும்பா" என்று வாரா வாரம் உறையைக் கழற்றி அதை வெயிலில் போட்டார். நானும்தான் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த பொங்கலுக்குள் மேல்பரப்பு மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இடுப்பு படும் இடத்தில் ஒரு குழி. பஞ்சுக்கு உயிர் கொடுத்த வெயில் ஃபோமைத் தின்றுவிட்டது. அதைப் புரிந்துகொள்ளவே இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

மெமரி ஃபோம் என்பது ஒருவகை பாலியூரித்தேன். 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்க உருவாக்கப்பட்டது. 1990களில்தான் மெத்தையாகப் பரவியது. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணறைகள். உடல் சூட்டில் இளகி நம் வடிவத்துக்கு அமுங்கும். எழுந்ததும் மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். பஞ்சு அமுங்கினால் அடித்து உப்ப வைக்கலாம். இந்த அறைகளின் சுவர் ஒருமுறை உடைந்தால் எந்த அடியும் அதை ஒட்ட வைக்காது. குழி விழுந்த பின் வைத்தியம் இல்லாததால்தான் முன்கூட்டியே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

வெயில் மட்டும் எங்கள் மெத்தையைக் கெடுக்கவில்லை. கட்டிலும் கெடுத்தது. பழைய நாடாக் கட்டில், நடுவில் தொய்ந்திருந்தது. மெத்தை அதன் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டது. குழி விழுந்ததாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, மெத்தையைத் தரையில் போட்டு ஒரு இரவு படுத்துப் பாருங்கள் என்பதைத்தான். பள்ளம் காணாமல்போனால் குற்றவாளி கட்டில். சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பிளைவுட் பலகை போடுங்கள். ஆனால் அதில் ஆங்காங்கே துளை போடச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் வியர்வை ஈரம் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே தங்கிப் பூசணம் பிடித்துவிடும்.

அம்மா சொன்ன ஈரம் உண்மைதான். அதை விரட்டும் வழிதான் வேறு. மாதம் ஒருமுறை விரிப்பை எடுத்துவிட்டு, நிழலில், மின்விசிறிக்கு அடியில் சில மணி நேரம் சுவரோரம் சாய்த்து வைத்தால் போதும். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. உள்ளே போன நீர் லேசில் வெளியே வராது. குழந்தை படுக்கும் வீட்டில் நீர் புகாத உறை அவசியம். அதையும் மீறி நனைந்தால் உலர்ந்த துண்டால் அழுத்தி அழுத்தி எடுங்கள். பிழியாதீர்கள், முறுக்காதீர்கள்.

மே மாதத்தில் மெத்தை தொளதொளவென்று இருப்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். வெப்பத்தில் இந்த ஃபோம் இளகும். கொடைக்கானல் மார்கழியில் பலகைபோல விறைக்கும். அது பழுதல்ல. மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, ஆள் படுக்காத நேரத்தில் நூலுக்குக் கீழே எவ்வளவு பள்ளம் என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். வாரண்டி அட்டையில் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று வரம்பு போட்டிருப்பார்கள். கறை பட்டிருந்தால் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

வாங்கும்போது எடை அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைவான மெமரி ஃபோம் சீக்கிரம் தளரும். பெயர் மெமரி ஃபோம் என்றாலும் மேலே ஓரிரு அங்குலம்தான் அது. கீழே சாதாரண ஃபோம். அதனால் குப்புறப் புரட்டிப் போடுவதில் அர்த்தமில்லை. வீடு மாறும்போது கயிற்றால் இறுக்கிக் கட்டி மினி லாரியில் ஏற்றுவதும் வேண்டாம். கட்டிய இடத்தில் விழுந்த மடிப்பு போகாமலே நின்றுவிடலாம்.

அம்மாவின் பழக்கங்களில் ஒன்று மட்டும் இந்த மெத்தைக்கும் பொருந்தியது: தலைமாட்டைக் கால்மாடாகச் சுற்றிப் போடுவது. இடுப்பும் தோளும் ஒரே இடத்தில் அழுந்தாமல் பாரம் பரவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம் என்று சொன்னேன். அம்மா உடனே கணக்குப் போட்டுவிட்டார்: தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. இப்போது புது மெத்தைக்கு மூன்றாவது வருடம். ஆடி ஒன்றாம் தேதி காலையில் போடியிலிருந்து போன் வந்தது.

"மாசம் பொறந்தாச்சு. மெத்தையச் சுத்திப் போட்டியா?"