பாட்டியின் பந்துப்பூ நிறம் மாறியது ஏன்?

கேமரன் மலைக்குச் சென்று வந்தவர்கள் ஹைட்ரேஞ்சியா பூவைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் நீலமாகவும் வேறோர் இடத்தில் இளஞ்சிவப்பாகவும் பந்து பந்தாகப் பூத்திருக்கும். இரண்டும் வெவ்வேறு வகைச் செடிகள் என்று நினைத்தீர்களா?

என் பாட்டி அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய லயத்து வீட்டின் பின்னால் சௌசௌ கொடி, கீரைப் பாத்தி, இரண்டு ஹைட்ரேஞ்சியா செடிகள் இருந்தன. பாட்டி அதைப் ‘பந்துப்பூ’ என்பார். இரண்டும் ஒரே தாய்ச்செடியின் குச்சிகள். ஆனால், அடுப்படிக் கதவோரச் செடி இளஞ்சிவப்பாகப் பூத்தது. வேலியோரச் செடி நீலமாகப் பூத்தது. பள்ளி விடுமுறைக்குப் போன நான் காரணம் கேட்டேன்.

“சாம்பல் தின்னா செவப்பு, மழைத்தண்ணி மட்டும் குடிச்சா நீலம்” என்றார். விறகடுப்புச் சாம்பலைக் கதவோரச் செடிக்குத்தான் கொட்டுவார். நான் சிரித்தேன்.

பாட்டி சொன்னது சரி என்று ஆசிரியர் பயிற்சியின்போதுதான் தெரிந்துகொண்டேன். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. மண்ணிலுள்ள கால்சியம் போன்ற காரச் சத்துகளை மழை கரைத்துச் செல்வதால் மண் அமிலத்தன்மை அடைகிறது. தேயிலைக்கு அந்த மண்தான் பிடிக்கும். அமில மண்ணில் அலுமினியம் கரையும். வேர் அதை உறிஞ்ச, பூவிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அலுமினியத்துடன் சேர்ந்து நீலமாகிறது. சாம்பல் காரத்தன்மை கொண்டது. அது அமிலத்தைக் குறைத்தால் அலுமினியம் கரையாது. பூ இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

“சார், அமிலத்தில் லிட்மஸ் தாள் சிவப்பாகுமே, பூ மட்டும் ஏன் நீலமாகிறது?” என்று என் மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. லிட்மஸ் அமிலத்தால் நேரடியாக நிறம் மாறுகிறது. இங்கே அமிலம் அலுமினியத்தைக் கரைத்துக் கொடுக்கும் வேலையை மட்டுமே செய்கிறது.

பாட்டி ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். செடி தழைத்தது; பூக்கவில்லை. ஹைட்ரேஞ்சியா மொட்டு கட்டக் குளிர்ச்சி வேண்டும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈப்போவில் அந்தக் குளிர் இல்லை. பாட்டி கடைசிவரை அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

மலைப்பகுதியில் வசிப்பவர்கள் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரே செடியின் இரு குச்சிகளைத் தனித்தனித் தொட்டியில் நட்டு, ஒன்றுக்குச் சிறிது படிகார நீரும் மற்றதற்குச் சிறிது சுண்ணாம்பும் இடுங்கள். அடுத்து வரும் பூக்களைக் கவனியுங்கள். வெள்ளை வகை மட்டும் இப்படி மாறாது. அதற்குமுன், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் செடிகளைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.