பின்னமர்பவரின் சாய்மானம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை சுமார் 30 கிலோமீட்டர்தான் ஆயினும், மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து அதைக் கடப்பவர், முன்னால் அமர்ந்து கைப்பிடியைப் பற்றியிருப்பவர் அறியாத வேறொரு பிரயாணத்தைச் செய்கிறார். ஓட்டுபவனுக்குப் பற்றிக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. வேகத்தடை வருவதை முன்கூட்டியே கண்டு உடம்பைத் தயார் செய்துகொள்ளக் கண் இருக்கிறது. பின்னாலிருப்பவருக்கோ எதிரே ஒரு முதுகும் தலைக்கவசமுமே காட்சி. எப்போது வேகம் கூடும், எப்போது பிரேக் விழும் என்று அறியாமல், ஒவ்வோர் அதிர்ச்சியையும் அது நேர்ந்த பிறகே சந்திக்க வேண்டிய நிலை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, அவருக்கென்று ஒரு கைப்பிடியும், கால் வைக்கும் தாங்கலும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. முதுகுக்கு ஒரு தாங்கலை அது கேட்கவில்லை. அந்தக் குறையை நிறைக்க வந்த உபகரணமே, கடைக்காரர்கள் பேக்ரெஸ்ட் என்றும் இளைஞர்கள் சிஸ்ஸி பார் என்றும் சொல்லும் பின்சாய்மானம்.

எனக்கு அதன் அவசியத்தை உணர்த்தியவர் என் தகப்பனார். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்ற அவர், பௌர்ணமிதோறும் திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையை வலம் வருகிறவர். எழுபதைத் தாண்டிய வயதிலும் நடைக்கு அஞ்சாதவர், என் வண்டியின் பின்னால் பதினைந்து கிலோமீட்டர் உட்கார்ந்து வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தபோது, நடப்பதைவிட உட்காருவது கடினமாக இருக்கக் கூடுமோ என்ற கேள்வி எனக்கு எழுந்தது.

இருக்கக் கூடும் என்பதே சரீர சாஸ்திரம் சொல்லும் விடை. நிற்கும்போது அடிமுதுகில் உட்பக்கமாக ஒரு வளைவு உண்டு. உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய, அந்த வளைவு தட்டையாகி, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டுகளின்மேல் பாரம் சமமின்றி விழுகிறது. சுவீடன் தேசத்து எலும்பு வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன், ஊசி வழியாக அழுத்தமானியை அந்தத் தட்டுக்குள்ளேயே செலுத்தி அளந்து, சாய்மானமின்றி அமரும்போது அங்கே ஏறும் அழுத்தம் நிற்கும்போதுள்ளதைவிட அதிகம் என்று 1960களில் கண்டார். பின்னால் வந்த அளவீடுகள் அந்த வித்தியாசத்தைக் குறைத்துச் சொன்னபோதிலும், முதுகு ஒன்றில் சாய்ந்தால் சுமை இறங்கும் என்பது நிலைத்துவிட்டது. இதற்கும் வெகு காலத்திற்கு முன்பே நம் சிற்பிகள், ஐயனார் திருவுருவங்களில் இடுப்பையும் மடித்த முழங்காலையும் வளைத்துச் செல்லும் யோகபட்டத்தைச் செதுக்கினார்கள். நெடுநேரம் ஸ்திரமாக அமர வேண்டியவனுக்குத் தசையின் பலம் மட்டும் போதாது, வெளியிலிருந்து ஒரு பிடிமானம் வேண்டும் என்பதை அந்தக் கல் கச்சையைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

மோட்டார் சைக்கிள் உலகம் இதை மெல்லத்தான் ஏற்றது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு கூடிச் சென்னையில் புல்லட் வண்டியைத் தயாரிக்கத் தொடங்கிய நாட்களில், பின்னமர்பவருக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிது. அமெரிக்காவில் 1960களில் வண்டிகளை வெட்டி ஒட்டி நீளமாக்கிய இளைஞர்கள் பின்னால் ஆளுயரக் கம்பி வளைவை நிறுத்தினார்கள். 1969இல் வெளிவந்த ஈஸி ரைடர் திரைப்படம் அந்தத் தோற்றத்தை உலகெங்கும் பரப்பியது. 1975இல் பிறந்த ஹோண்டாவின் கோல்டு விங் வண்டியோ காலப்போக்கில் பின்னமர்பவருக்கு நாற்காலியையே அமைத்துக் கொடுத்துவிட்டது. நம் பக்கத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் என்ஃபீல்டு ஆலைகள் எழுந்த பின், 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350 வண்டியின் மூன்று வகைகளில் ஸ்டெல்லார், சூப்பர்நோவா இரண்டிலும் சாய்மானம் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. அவ்வாறு வராத வண்டியை வைத்திருப்பவர்கள் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். என்னுடையதும் அத்தகைய ஒன்றே.

வாங்குபவர் கடையில் மெத்தையின் மிருதுத்தன்மையையும் தையலையும் அழுத்திப் பார்க்கிறார். பார்க்க வேண்டிய இடம் அதற்கு ஓர் அடி கீழே, கம்பி வண்டியோடு சேரும் மூட்டில் இருக்கிறது. கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இருக்கைக்கு மேற்பட்ட உடம்பு ஏறத்தாழ 40 கிலோ. ஓட்டுபவன் ஆக்ஸிலரேட்டரைச் சற்று விரைவாகத் திருகினால் அவர் சுமார் 12 கிலோ பாரத்துக்கு ஈடான விசையோடு பின்னால் சாய்கிறார். 12 கிலோ பெரிதன்று. ஆனால் மெத்தை, போல்ட்டுகளுக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 6 சென்டிமீட்டர்தான். கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கும் அதே நெம்புகோல் நியாயப்படி, விசை ஐந்து மடங்காகி, முன் போல்ட்டுகளை 60 கிலோ மேல்நோக்கி இழுக்க, பின் போல்ட்டுகளின் இடத்தில் அதே அளவு கீழ்நோக்கி அழுத்துகிறது. குழியில் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் இது பெருகும். ஆயிரம் தடவை, பதினாயிரம் தடவை திரும்பத் திரும்ப வரும். ஆகையால் சாய்பவரின் பாரம் இருக்கையின் பிளாஸ்டிக் அடித்தட்டில் இறங்கவே கூடாது. வண்டியின் எஃகுச் சட்டகத்தில், உற்பத்தியாளர் பின் கைப்பிடிக்காக ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளின் வழியாக இறங்க வேண்டும். புதிதாகத் துளை போடுவதும், சட்டகத்தில் வெல்டிங் வைப்பதும் எஃகைப் பலவீனப்படுத்துவதோடு வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோடும் மோத நேரும்.

இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது ஒரு தவறுக்குப் பிறகு. முதலில் ஒரு கடையில் கால் மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கே வந்தோம், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையருகே வண்டியை நிறுத்தியபோது தகப்பனார் சாய்மானத்தைப் பிடித்து ஆட்டினார், அது ஆடியது. குனிந்து பார்த்தார். இடப்புறம் முன் போல்ட் இருந்த இடத்தில் வெறும் துளை.

“பழைய போல்ட்டையே போட்டிருக்கான்ப்பா. தகடு தடிமனா உள்ள வந்திருக்கு, போல்ட் நீளம் அப்படியே இருக்கு. எங்கேர்ந்து பிடிக்கும்?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் அடங்கியிருந்தது. பின் கைப்பிடிக்கும் சட்டகத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாய்மானத் தகடு நுழைந்தால், பழைய போல்ட்டின் முனை சட்டகத்துக்குள் 5 மில்லிமீட்டர் குறைவாகவே இறங்கும். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் புரிகள் 1.25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைந்தவை. ஆகவே நான்கு புரிகளின் பிடிப்பு போய்விட்டது. எஃகில் இறங்கும் போல்ட், குறைந்தது தன் குறுக்களவுக்குச் சமமான ஆழமேனும் புரியில் பிடிக்க வேண்டும். அலுமினியத்தில் இறங்குவதாயின் அதைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. சாய்மானத்தோடு வரும் பொட்டலத்தில் சற்று நீளமான போல்ட்டுகள் இருப்பது இந்தக் காரணத்தால்தான். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழையதைப் போடுவது எவ்வளவு சிறிய சோம்பல், எவ்வளவு பெரிய ஆபத்து!

மறுவாரம் வீட்டு வாசலில் வேலையைப் புதிதாகத் தொடங்கினோம். சாவியைத் திருப்பி இருக்கையைக் கழற்றி வைத்து, துளைகளைத் துணியால் துடைத்து, தகட்டை வைத்தபின், தகப்பனார் ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. நான்கு போல்ட்டுகளையும் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்ற வேண்டும் என்றார். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், மயிரிழை விலகியிருக்கும் துளையில் போல்ட் கோணலாக இறங்கிப் புரியைத் தின்றுவிடும். நான்கும் தளர்வாக நிற்கும்போதோ, தகடு தானே அசைந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். விரலுக்கு அகப்படாமல் கனத்தால், பின்னோக்கித் திருகி எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இருக்கையைத் திரும்ப மாட்டி, பூட்டு விழுகிறதா, விளக்கின் மேல் தகடு உரசுகிறதா என்று பார்த்த பிறகே, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினோம். இந்த அளவு எஃகு போல்ட்டுக்குச் சாமானியமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம் பொருந்தும்; எனினும் வண்டியின் கையேடு கூறும் எண்ணே இறுதியானது. டார்க் ரெஞ்ச் இல்லாதவர் ஒரு நாளைக்கு இரவல் வாங்குவதே உத்தமம். கிடுகிடுப்பைத் தடுக்கலாமென்று போல்ட்டின் அடியில் ரப்பர் வாஷரை வைப்பவர்கள் உண்டு. ரப்பர் நாளடைவில் நசுங்க, இறுக்கம் தானே கரைந்துவிடும். நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்புப் பசையைப் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு மேலும் ஒரு கவலை. முட்டுக்காட்டிலிருந்து கல்பாக்கம் வரை அந்தச் சாலையில் வீசும் காற்று உப்பைச் சுமந்து வருவதால், முலாம் போன போல்ட் ஒரு மழைக்காலத்தில் செந்நிறமாகிவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை மாற்றினால் தீராதா எனில், இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் 8.8 என்ற எண், அது 800 மெகாபாஸ்கல் வரை இழுவிசை தாங்கும் என்பதைக் குறிக்கும். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகைத் துருப்பிடிக்கா எஃகு 700 மட்டுமே தாங்கும். மேலும், அது அலுமினியக் கைப்பிடியோடு உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால், இரு உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் எழுந்து அலுமினியம் அரிக்கப்படும். நல்ல துத்தநாக முலாமிட்ட 8.8 போல்ட்டைப் போட்டு, கடற்கரைப் பயணத்துக்குப் பின் நன்னீரால் கழுவுவதே என் அபிப்பிராயத்தில் சிறந்த வழி.

மெத்தையின் உயரம் அடிமுதுகின் வளைவைத் தொட வேண்டும். கழுத்தைத் தாங்க முயலலாகாது. உட்கார்ந்த உடம்பு விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும் செங்குத்து அதிர்வில் மிகுதியாக ஆடும் இயல்புடையது. கடினமான மெத்தை அந்த அதிர்வை முதுகுக்கு நேரே கொண்டு சேர்த்துவிடும் என்பதால், ஃபோம் தடிமனாக இருப்பது நலம். ஆனால் தடிமன் இருக்கையின் நீளத்தைத் தின்று, பின்னமர்பவரை ஓட்டுபவன்மேல் தள்ளினால் பயனில்லை. சேலை கட்டி ஒருபுறமாக அமரும் பெண்களுக்கு இது முதுகைத் தாங்காது, தோளில் இடிக்கும். அவர்களை அடிக்கடி ஏற்றிச் செல்பவர், தேவையானபோது கழற்றி வைக்கத்தக்க வகையைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். ஓட்டுபவனும் காலைப் பின்னால் வீசி ஏறும் வழக்கத்தை விட்டு, முழங்காலை மடக்கி இருக்கைக்கு மேலாகக் கொண்டுபோகப் பழக வேண்டும். பழகாத முதல் வாரத்தில் வண்டியோடு சரிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் தகப்பனார் உள்ளே போய்ப் பேத்தியின் வெள்ளை நகப்பூச்சை எடுத்து வந்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தகட்டின்மேல் விழும்படி ஒரு கோடு தீட்டினார். போல்ட் இம்மியளவு திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். தமக்கு விதிக்கப்பட்ட தண்டவாளத்தைச் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினந்தோறும் நடந்து, பிஷ் பிளேட்டுகளின் தளர்ச்சியைக் கண்ணாலேயே கண்டுபிடித்தவருக்கு, புது இறுக்கத்தை நம்பும் பழக்கம் கிடையாது. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

அடுத்த பௌர்ணமிக்குப் போனோம். மலைக்கோயில் கண்ணுக்குத் தெரியும் திருப்பத்தில், என் இடுப்பைப் பற்றியிருந்த அவர் கைகள் விலகியதை உணர்ந்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தால், சாய்ந்து அமர்ந்து வேதகிரியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இறங்கியதும் இடுப்பைப் பிடிக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து, நான்கு வெள்ளைக் கோடுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்த பிறகே சந்நிதித் தெருவுக்கு நடந்தார்.