சிக்னலில் நிற்கத் தெரியாத கோல்ட் ஸ்டார்

பி.எஸ்.ஏ. என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சைக்கிள்தான். அம்பத்தூரில் தயாரான பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஓட்டிப் பள்ளிக்கூடம் போன தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அந்தப் பெயரின் பூர்வீகம் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி, பிறகு சைக்கிளுக்கு வந்து, அதன்பின் மோட்டார் சைக்கிளுக்குத் தாவியது. அது செய்த வண்டிகளில் பழைய பைக் பிரியர்கள் இன்றும் அடித்துக்கொள்வது கோல்ட் ஸ்டாருக்காக. அதிலும் 1956 முதல் 1963 வரை வந்த டி.பி.டி.34 மாடல்: 499 சிசி, ஒரே சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். மணிக்கு 110 மைல், அதாவது ஏறக்குறைய 177 கி.மீ. வேகம் தொடும்.

பெயர் வந்தது பந்தயத்தால். புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் போட்டியின்போது ஒரு சுற்றை 100 மைல் வேகத்துக்கு மேல் முடித்தவர்களுக்குச் சின்னதாக ஒரு தங்க நட்சத்திர பேட்ஜ் கொடுப்பார்கள். 1937-இல் வால் ஹேண்ட்லி பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டார் வண்டியில் 107 மைல் வேகத்தில் சுற்றி அதை வாங்கினார். மறு வருடமே நட்சத்திரத்தின் பெயரில் ஒரு மாடல் கடைக்கு வந்துவிட்டது.

போருக்குப் பிறகு மேன் தீவில் 'கிளப்மேன் டி.டி.' என்றொரு போட்டி நடந்தது. கடையில் கிடைக்கிற வண்டியைக் கொண்டுவந்து சாதாரண ஆட்களும் ஓட்டலாம் என்பது ஏற்பாடு. 350 சிசி பிரிவை 1949-இலிருந்து வருடம் தவறாமல் கோல்ட் ஸ்டாரின் 350 சிசி வண்டியே வென்றது. 1956-இல் பெர்னார்ட் காட் என்பவர் அந்தப் பிரிவிலும் பெரிய வண்டிகளுக்கான பிரிவிலும் கோல்ட் ஸ்டாரிலேயே ஜெயித்தார். எல்லோரும் ஒரே வண்டியில் வந்து நின்றால் போட்டிக்கு என்ன சுவாரசியம்? அந்த வருடத்தோடு கிளப்மேன் பந்தயம் நின்றுபோனது.

இன்று பழைய கோல்ட் ஸ்டாரைப் புதுப்பிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிளப்மேன் கோலத்தைத்தான் விரும்புகிறார்கள். முன் ஃபோர்க் குழாய்களிலேயே இறுக்கிய தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில்பார், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், என்ஜினை ஒட்டிப் பின்னோக்கி வளைந்து ஓடும் சைலன்சர் பைப், பெரிய அலுமினிய டேங்க். லண்டன் நார்த் சர்க்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே வாசலில் கூடிய பையன்கள் தெருவுக்குக் கொண்டுவந்த தோற்றம் அது. சென்னையை அடுத்த ஆலையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-க்கும் அந்த வம்சம்தான்.

ஆனால் அந்தப் பையன்கள் பார்த்து மயங்கிய எதுவும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. காற்றைக் கிழிக்க உடம்பு படுக்க வேண்டும். அதற்குத் தாழ்ந்த ஹேண்டில். உடம்பு படுத்தால் கால் பின்னால் போயாக வேண்டும். கியர்பாக்ஸும் அப்படியே. ஆர்.ஆர்.டி.2 என்ற அந்த கியர்பாக்ஸில் முதல் கியரிலேயே 60 மைல் வேகம் போகலாம். பந்தயத்தில் ஒரே ஒரு தடவைதான் கிளம்ப வேண்டும், பரவாயில்லை. ஊருக்குள்ளோ ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே வண்டியை உருட்டிக் கிளப்ப வேண்டியதுதான். போதாததற்கு, அமால் ஜி.பி. கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கே வழி இல்லை. சிவப்பு விளக்கு விழுந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும். மறுபடி கிளப்புவதற்கு வால்வை லேசாகத் தூக்கி, பிஸ்டனை மேல்முனை தாண்ட வைத்து, பிறகு ஓங்கி ஒரு உதை. பழைய புல்லட்டில் டீகம்ப்ரஸர் பிடித்து உதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்குகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது ஃபிரேமின் அடிப்பகுதியை. அசல் கோல்ட் ஸ்டாரில் ஆயில் பம்புக்கு இடம் விட்டு வலப்பக்கக் கீழ்க்குழாய் சற்றே நெளிந்திருக்கும். பி.31, பி.33 என்ற சாதுவான சகோதர மாடல்களின் ஃபிரேமில் அந்த நெளிவு இல்லை. அவற்றுக்கு டேங்கும் பேட்ஜும் மாட்டி கோல்ட் ஸ்டார் என்று விற்பது பல காலமாக நடக்கிறது. பொய் சொல்லாமல் விற்றால் அதிலும் குற்றமில்லை. ஓட்ட நல்ல வண்டிகளே.

எனக்கு ஒட்டாதது வேறு ஒன்று. முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்ட டேங்க், பக்கத்தில் பந்தய எண் பலகை. கீழே பார்த்தால் ஆயில் வடிக்கும் போல்ட்டில் பூட்டுக் கம்பி இருக்காது. தளத்தில் ஆயில் கொட்டிப் பின்னால் வருகிறவன் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகப் பந்தயக்காரர்கள் அந்த போல்ட்டில் துளை போட்டுக் கம்பி முறுக்குவார்கள். ஐந்து நிமிட வேலை. எண்ணை மட்டும் எழுதி அதை விட்டுவிட்டால் அது பந்தய வண்டி அல்ல, மாறுவேடம்.

புதுப்பிப்பவர்களுக்குள் ஓயாத சண்டை கார்புரேட்டரைப் பற்றி. ஜி.பி.யைக் கழற்றிவிட்டு, பின்னால் வந்த அமால் கான்சென்ட்ரிக்கைப் போட்டால் வண்டி ஒழுங்காக ஐடிலில் நிற்கும். அசல்வாதிகள் முகம் சுளிப்பார்கள். நான் ஓட்டுகிறவர்கள் பக்கம். வண்டியைத் தெருவில் எடுப்பதாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். கழற்றிய ஜி.பி.யை மட்டும் துணி சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை வண்டியை விலை பேச வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.