வெங்காயம் அல்ல, பூக்கிழங்கு!

பார்த்தால் வெங்காயம். உரித்தாலும் வெங்காயம் போலவே தோல் தோலாக வரும். ஆனால் அதைக் குழம்பில் போடக் கூடாது. மண்ணில் போட்டால் அழகான பூப் பூக்கும்!

அதுதான் துலிப் கிழங்கு. ஹாலந்து நாட்டில் வீட்டுத் தோட்டங்களில் இதை நடுகிறார்கள்.

குளிர் வேண்டும்

துலிப் கிழங்கு சுமார் மூன்று மாதம் குளிரில் கிடக்க வேண்டும். அப்போதுதான் தண்டு நீண்டு பூ வரும். ஆகவே அக்டோபர், நவம்பர் மாதங்களில் நட்டு விடுகிறார்கள். ஏப்ரலில் பூக்கிறது. நம் ஊர்ச் சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. ஸ்ரீநகரில் உண்டு. அங்கே தால் ஏரிக்கு அருகே பெரிய துலிப் தோட்டமே இருக்கிறது.

நடுவது எப்படி?

கெட்டியான கிழங்காகப் பார்த்து எடுக்க வேண்டும். அழுத்தினால் அமுங்குவதை எறிந்து விட வேண்டும். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் குழி தோண்ட வேண்டும். கூர்முனை மேலே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகி விடும்.

பூ வாடியதும் அதன் தலையை மட்டும் கிள்ள வேண்டும். இலையை வெட்டக் கூடாது. தாய்க் கிழங்கு பூத்து முடிந்ததும் அழிந்து விடும். மண்ணுக்குள் குட்டிக் கிழங்குகள் வளரும். அவற்றுக்குச் சோறு ஊட்டுவது அந்த இலைதான். அது தானாக மஞ்சளாகிக் காயும் வரை விட வேண்டும்.

பூவைத் தின்ற பஞ்சம்

1944-ம் ஆண்டு. இரண்டாவது உலகப் போர். ஹாலந்தைப் பிடித்திருந்த ஜெர்மன் படை, மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகாமல் தடுத்தது. கடுங்குளிர் வேறு. 1945-ம் ஆண்டு வசந்தம் முடிவதற்குள் சுமார் 20 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

தோட்டத்தில் நட வேண்டிய கிழங்குகள் அடுப்புக்கு வந்தன. நடுவில் இருக்கும் மஞ்சள் குருத்து கெடுதல் என்று அதை நீக்கினார்கள். மற்றதை வேக வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ருசிக்காக அல்ல, உயிருக்காக!

எச்சரிக்கை

அதை நினைத்து இன்று யாரும் தின்று பார்க்கக் கூடாது. துலிப் கிழங்கு வயிற்றைக் கெடுக்கும். இதே போல வசந்தத்தில் பூக்கும் டாபடில் கிழங்கு அதை விடப் பொல்லாதது. வேக வைத்தாலும் அதன் நஞ்சு போகாது. வெங்காயம் என்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டு, வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

குளிர் நாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகள் பூக்கிழங்கு வாங்கினால், ஒன்று சொல்லி வையுங்கள்: பையின் மேல் பெயர் எழுதுங்கள். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்!