நாட்டிய உடையும் நம் சாயமும்

மார்கழி நெருங்கும்போது மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சில தையற்கடைகளில் இரவு பத்து மணிக்கும் விளக்கு அணைவதில்லை. நாட்டிய உடை தைப்போருக்கு அதுவே அறுவடைக் காலம். தறியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர்கள், “இதனால் நமக்கென்ன?” என்று கேட்கலாம். ஒவ்வோர் உடைக்கும் ஒரு பட்டுச் சேலை முழுவதும் கத்தரிக்கோலுக்கு இரையாகிறது என்பதை அறிந்தால் அவ்விதம் கேட்கமாட்டார்கள்.

இவ்வுடை மிகப் பழைமையானது என்று பலர் எண்ணுகின்றனர், அஃது அவ்வாறன்று. சதிர் ஆடிய கலைஞர்கள் பைஜாமாவின்மேல் சேலையைச் சுற்றிக் கட்டியே ஆடினர். 1935 டிசம்பரில் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள், கோயிற் சிற்பங்களைப் பார்த்துத் தைத்த உடையைத் தாமே திட்டமிட்டார். மேடம் கஸான் என்னும் இத்தாலிய மாது தையலில் உதவினார். கலாக்ஷேத்திரம் 1936இல் தோன்றிய மறு ஆண்டே அங்கே நெசவும் தொடங்கிற்று. 1944இல் அங்கு குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாயிற்று. அத்தகைய நாடகத்தில் தலைவிக்கு ஓர் உடை, குறத்திக்கு வேறோர் உடை என்று பாத்திரத்துக்கேற்பத் துணியும் கரையும் மாறவேண்டும். நம் கோ-ஆப்டெக்ஸ் பிறந்ததும் அதே 1935இல்தான் என்பதை இடையே நினைத்துக்கொள்வோம்.

மயிலாப்பூரில் வசிக்கும் நம் தமக்கையார், மகளின் முதல் மேடைக்குக் கடைக்குப் போகாமல் தாமே உடை தைக்க முற்பட்டார். கைத்தறிப் பட்டே வாங்கவேண்டும் என்று வற்புறுத்தி, ஒரு சங்கத்தில் மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமான சேலையை வாங்கிக் கொடுத்தவர் நாமே.

அவர் வேலை செய்த முறை நமக்கு வியப்பளித்தது. சிறுமியை நேராக நிறுத்தி அளவெடுத்தால் போதாதாம். அரைமண்டியில் அமர்த்தித் தொடையையும் இருக்கையையும் அளந்தார். நின்றபடி எடுத்த அளவில் தைத்த கால்சட்டை, முதல் அடவிலேயே கிழிந்துபோகும். முதலில் பழைய வேட்டியில் வெட்டித் தைத்து, போட்டுப் பார்த்து, பிரித்து, அதனையே மாதிரியாகப் பட்டின்மேல் பரப்பினார். கரை கால்களின் ஓரத்தில் ஓடும்படி கால்சட்டைக்கு வெட்டிக்கொண்டார். முந்தியை விசிறிக்கு ஒதுக்கினார். இரு கால்களுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாய்த் தொங்கி, முழங்கால் விரியும்போது தானும் விரிவதே விசிறி. அம்மடிப்புகள் கலையாதிருக்கப் பின்புறம் நாடா வைத்துத் தைத்தார். ரவிக்கையின் அக்குளில் சதுரத் துண்டொன்று சேர்த்தார். இல்லையேல் கையைத் தூக்கும்போது ரவிக்கையும் மேலேறும். பெண் வளர்வாள் அல்லவா? ஆதலால் எல்லா ஓரங்களிலும் இரண்டங்குலம் உள்ளே மடித்து விட்டுவைத்தார்.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு வந்த சிறுமியின் உடையைக் கழற்றியபோதுதான் தமக்கையார் பேச்சற்று நின்றார். வியர்வையில் அரக்குச் சாயம் இளகி மஞ்சளெங்கும் படர்ந்திருந்தது. “தம்பி, உன் சங்கத்துச் சேலை” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிறகு ஒரு தையற்காரரிடம் விசாரித்தோம். அவர் பல ஆண்டுகளாகச் செயற்கைப் பட்டையே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். விலை குறைவு என்பது ஒரு காரணந்தான்; சாயம் ஓடினால் தாய்மார் தம்மையே திட்டுகிறார்கள் என்பது மற்றொன்று. கல்யாணத்துக்கு உடுத்தும் சேலை சில மணி நேரம் நாற்காலியில் அமர்ந்துவிட்டுப் பெட்டிக்குள் போய்விடும். நாட்டிய உடையோ வியர்வையில் ஊறி, விளக்கின் சூட்டில் காய்ந்து, அடுத்த வாரம் மீண்டும் ஊறும்.

குற்றம் தறியில் இல்லை, சாயப்பட்டறையில் இருக்கிறது. அமிலச் சாயம் பட்டில் ஏற, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் அசிட்டிக் அமிலத்துடன் போதிய நேரம் இருத்தல் வேண்டும். பின்பு, ஒட்டாத சாயம் நீங்கும்வரை அலசுதல் வேண்டும். அவசரத்தில் முதலில் பலியாவது இந்தக் கடைசி அலசல்தான். சோதனைச் சாலைகளில், சாயத் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, செயற்கை வியர்வையில் நனைத்து, அழுத்தி, 37 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். சங்கத்தில் அவ்வளவு வசதி வேண்டியதில்லை. சாயமிட்ட நூற்கண்டு ஒன்றை உப்புநீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கனமான பொருளின் அடியில் ஓரிரவு வைத்தாலே வெள்ளைத் துணி உண்மையைச் சொல்லிவிடும். நெய்து முடித்த பிறகு அன்று, நெய்யுமுன் செய்யவேண்டிய காரியம் இது.

அந்தச் சங்கத்தின் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்குக் கறைபட்ட விசிறியை எடுத்துச் சென்று மேசைமேல் விரித்தோம். சாயக்காரர் நெடுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். இப்போது அவருடைய பட்டறையில் ஒரு வெள்ளைத் துணிக் கட்டு இருக்கிறது. தமக்கையார் இரண்டாவது உடைக்கு மீண்டும் பட்டு வாங்கியிருக்கிறார். எங்கிருந்து வாங்கினார் என்று நாம் இன்னும் கேட்கவில்லை.